பழைய பக்கத்தைத் தூக்கிப்போடும் கட்டளை

போன வாரம் அலுவலகத்தில் ப்ராக்ஸி சர்வரை ஸ்க்விட் 7-க்கு மாற்றினோம். கூட வேலை பார்க்கும் மராத்திப் பையன் வந்து, "சார், உங்க நோட்ஸ்ல ஸ்க்விட்கிளையன்ட்னு ஒரு கட்டளை இருக்கு, புது மெஷின்ல அது இல்லையே" என்றான். 2025-இல் வந்த இந்தப் பதிப்போடு அதை எடுத்துவிட்டார்கள், கர்ல் வைத்து அதே வேலையைச் செய்துகொள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவனுக்கு அது ஒரு நிமிட வேலை. எனக்குத்தான் கொசுவத்தி சுற்ற ஆரம்பித்துவிட்டது. புனே வந்து பொட்டி தட்டத் தொடங்கிய காலத்துக் கதை. நடுவில் கொஞ்சம் தொழில்நுட்பம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே :-)

கேஷ் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மளிகைக்கடை அண்ணாச்சி, கிடங்கில் மூட்டை இருந்தாலும் கைக்கெட்டும் டப்பாவில் கொஞ்சம் போட்டு வைத்திருப்பார் இல்லையா, அதேதான். 1965-இல் கேம்பிரிட்ஜின் மாரிஸ் வில்க்ஸ் இந்த யோசனையை எழுதியபோது அதற்கு 'அடிமை நினைவகம்' என்று பெயர் வைத்தார். நல்லவேளை, அந்தப் பெயர் நிலைக்கவில்லை. 1968-இல் ஐபிஎம் 360 வரிசையின் மாடல் 85 வந்தபோது 'கேஷ்' என்ற சொல் ஒட்டிக்கொண்டது.

இணையத்துக்கு அது 1994 வாக்கில் வந்து சேர்ந்தது. ஜெனீவாவில் செர்ன் ஆய்வுக்கூடத்தின் வெப் சர்வரிலேயே ப்ராக்ஸி வேலையையும் சேர்த்தார் ஆரி லுவோடனென். ஒருவர் பார்த்த பக்கத்தின் நகலை வைத்துக்கொண்டு அடுத்தவருக்கும் அதையே கொடுப்பது. பிறகு கொலராடோ பல்கலைக்கழகம் பக்கம் ஹார்வெஸ்ட் என்ற ஆராய்ச்சித் திட்டம். அது வணிகப் பொருளாகப் போனபோது, இலவசமாக இருந்த கடைசிப் பதிப்பை எடுத்து டுவேன் வெசல்ஸ் 1996-இல் கொண்டுவந்ததுதான் ஸ்க்விட். கணவாய் மீன் பெயர் ஏன் என்றால், வேலை நடக்கும்போது வைத்த தற்காலிகப் பெயர் அப்படியே நின்றுவிட்டதாம்.

நம் ஊரில் ஸ்க்விட் வேரூன்றியதற்குக் காரணம் சொல்லவே வேண்டாம். பொதுமக்களுக்கு இணையம் வந்ததே 1995 ஆகஸ்ட் 15-இல்தான். அதற்குப் பல வருஷம் கழித்தும் எங்கள் அலுவலகத்தில் 80 பேருக்கு ஒரே ஒரு 512 கேபிபிஎஸ் லைன். நகல் வைக்காமல் பிழைப்பு ஓடாது.

வைப்பது சுலபம், எடுப்பதுதான் கஷ்டம். ஸ்க்விட் தன் நகல்களை 16 அடைவுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் 256 அடைவுகள் என்று பிரித்துப் போடும். கோப்புகளுக்குப் பெயர் கிடையாது, வெறும் எண்கள். எந்த எண்ணுக்குள் எந்தப் பக்கம் என்று ஆள் பார்த்துச் சொல்ல முடியாது. முழுசாகக் காலி செய்ய ஸ்க்விட்டை நிறுத்தி, அடைவையே அழித்து, திரும்ப உருவாக்கலாம். ஒரே ஒரு பக்கத்தை மட்டும் எடுக்க 'பர்ஜ்' என்று ஒரு கோரிக்கை உண்டு. ஹெச்டிடிபி தரநிலையில் இல்லாதது, ஸ்க்விட் தானாகச் சேர்த்துக்கொண்டது. அதற்கும் பூட்டு போட்டிருக்கும். கட்டமைப்புக் கோப்பில் அனுமதி எழுதிவைத்தால்தான் வேலை செய்யும். ஸ்க்விட்கிளையன்ட்டில் முகவரியைக் கொடுத்து பர்ஜ் அனுப்பினால், எடுத்துவிட்டேன் என்றால் 200, அப்படி ஒன்று இல்லை என்றால் 404 என்று பதில் வரும். முகவரி எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்க வேண்டும்.

இதை நான் சாவகாசமாகப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

2004 டிசம்பர் 27, திங்கட்கிழமை. முந்தின நாள் சுனாமி. எங்கள் அலுவலகத்தில் கடலூர்க்காரர் ஒருவர், என்னைவிட மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய அக்கா குடும்பம் தேவனாம்பட்டினத்தில். ஊருக்கு லைன் கிடைக்கவில்லை. மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்களின் பட்டியல் ஒரு தளத்தில் வந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து ரெஃப்ரெஷ் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தார். பட்டியல் மாறவே இல்லை.

மூன்று மணிக்கு பெங்களூரிலிருந்து அவர் மச்சான் போன் செய்தார். பேசிக்கொண்டே என்னிடம் திரும்பினார். "தம்பி, அங்க லிஸ்ட் ரொம்ப நீளமா இருக்குங்கிறான். நமக்கு ஏன் இப்படி வருது?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. லைனை மிச்சம் பிடிக்க, காலாவதி தேதி சொல்லாத பக்கம் எதுவானாலும் 1440 நிமிடம், அதாவது ஒரு நாள் முழுக்க, புதுசு என்றே எடுத்துக்கொள் என்று எழுதி வைத்தவன் நான்தான். ஆட்கள் சும்மா ரெஃப்ரெஷ் அடித்து லைனைத் தின்கிறார்கள் என்று, அந்தக் கோரிக்கையைக் கண்டுகொள்ளாதே என்ற விருப்பத்தையும் சேர்த்திருந்தேன். மேலாளரிடம் அதற்காகப் பாராட்டு வேறு வாங்கியிருந்தேன். அண்ணன் காலையிலிருந்து அமுக்கியது நான் ஏற்கெனவே சாகடித்து வைத்திருந்த பொத்தானை.

பர்ஜ் அனுமதியை எழுதி, ஸ்க்விட்டை மறுபடி படிக்க வைத்து, கட்டளையைக் கொடுத்தேன். 404. முகவரியின் முன்னால் வரும் டபிள்யூ டபிள்யூ டபிள்யூவை விட்டிருந்தேன். அதையும் சேர்த்து அடித்தேன். 200. புதுப் பட்டியலில் அக்கா பெயர் இருந்தது, வார்டு எண்ணோடு. பக்கத்தில் சேர்த்த நேரமும் இருந்தது, காலை 11. அண்ணன் அன்றைக்கே ரயிலேறிவிட்டார். அக்கா பிழைத்துக்கொண்டார். ஏன் நாலு மணி நேரம் தெரியவில்லை என்று அவர் என்னைக் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை, இன்றுவரை.

அதற்கப்புறம் தேடியபோதுதான் யென்ஸ் ஃபெக்லர் எழுதிய 'பர்ஜ்' என்ற தனிக் கருவி கிடைத்தது. அந்த எண் கோப்புகள் ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும் முகவரி பதிந்திருக்கும். இது வட்டு முழுக்க அவற்றைப் படித்து, நாம் கொடுக்கும் வடிவத்துக்குப் பொருந்துவதைப் பட்டியலிடும். அழி என்று தனியாகச் சொன்னால்தான் அழிக்கும். ஒரு தளத்தின் எல்லாப் பக்கங்களையும் ஒரே அடியில் எடுக்கலாம். சரியான முகவரியை நினைவிலிருந்து தேட வேண்டாம். இது முன்பே தெரிந்திருந்தால் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். ஆனால் பிரச்சினை கருவி இல்லாததா, என் கஞ்சத்தனமா?

செய்தி நிறுவனங்களுக்கு இந்தத் தலைவலி வேறு விதம். திருத்திய செய்தி உடனே வாசகருக்குப் போயாக வேண்டும். 2006-இல் நார்வேயின் விஜி நாளிதழுக்காக பவுல்-ஹென்னிங் காம்ப் வார்னிஷ் என்ற மென்பொருளை எழுதினார். 12 ஸ்க்விட் இயந்திரங்கள் செய்ததை 3 இயந்திரங்கள் செய்தன. வேகத்தைத்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்குப் பிடித்தது, வடிவம் கொடுத்து ஒரு கூட்டத்தையே செல்லாததாக்கும் கட்டளை அதன் கூடவே இருந்ததுதான்.

இப்போது பெரும்பாலான தளங்கள் ஹெச்டிடிபிஎஸ். நடுவில் நிற்கும் ப்ராக்ஸிக்குப் பக்கம் கண்ணிலேயே படாது, பிறகு எங்கே நகல் வைப்பது? எங்கள் ஸ்க்விட் இன்று, யார் எந்தத் தளத்துக்குப் போகலாம் என்று பார்க்கும் வாட்ச்மேன்.

பையன் நேற்று மறுபடி வந்தான். என் நோட்ஸில் அந்த 1440 வரி இருக்கிறது. முன்னால் ஒரு கட்டக் குறி போட்டு முடக்கி, பக்கத்தில் 27-12-2004 என்று எழுதியிருக்கிறேன். "இதை அழிச்சிடலாமா சார்?" என்றான். இருக்கட்டும்ப்பா என்றேன்.