யார், எவன், எவர்: கிரேக்க வினாப்பெயரும் தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பும்

முன்னுரை

பாகூரில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுப் பல்லவர் செப்பேடு வடமொழியும் தமிழும் கொண்டது. ஒரு செய்தியை இருமொழியில் வழங்கும் மரபு புதுச்சேரிப் பகுதிக்குப் பழையது. 1877இல் லூர்து அன்னை திருத்தலம் அமைந்த வில்லியனூர் போன்ற ஊர்களில் விவிலியம் இன்றும் வழிபாட்டில் வாசிக்கக் கேட்கப்படுகிறது. கேட்போர் செவியில் வினாச்சொல்லின் மதிப்புக் குறிப்பும் பொருளாகிறது. லூக்கா 10ஆம் அதிகாரத்தைக் கொண்டு இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

கிரேக்கமும் தமிழும்

புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் ‘திஸ்’ என்னும் வினாப்பெயர் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொதுவானது. அது எண்ணை உணர்த்தும், மதிப்பை உணர்த்தாது. தமிழில் எவன், எவள், எவர் என்பன பாலையும் மதிப்பையும் ஒருங்கே காட்டுகின்றன. நன்னூலார் ‘யார்’ என்பதை உயர்திணை முப்பாற்கும் பொதுவாகக் கொள்கிறார். ‘எவன்’ என்பதை அஃறிணை இருபாற்கும் உரிய வினாவினைக்குறிப்பாகக் காட்டுகிறார். இன்றைய வழக்கில் ‘எவன்’ ஆண்பால் ஒருமை. பேச்சில் இகழ்ச்சியும் ஏற்கும். ஆகவே ‘திஸ்’ என்பதற்கு மிக நெருங்கியது ‘யார்’ என்பதே.

இரு வினாக்கள்

தமக்கு அயலார் யார் எனச் சட்ட அறிஞர் வினவுமிடத்தும் (10:29), மூவருள் அயலாராய் விளங்கியவரைச் சுட்டுமாறு இயேசு கேட்குமிடத்தும் (10:36) மூலத்தில் ‘திஸ்’ என்னும் ஒரே சொல் வருகிறது. 1871இல் முழுமையாக வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழிவந்த பழைய மொழிபெயர்ப்பில் முதல் வினா ‘யார்’, இரண்டாவது ‘எவன்’. 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பில் இரண்டாவது ‘எவர்’ ஆகிறது. பலருள் ஒருவரைத் தெரிவு செய்ய எகர வினாவை ஆளுதல் தமிழ் இயல்பே. ஆயினும் கேட்டவரின் சொல்லையே அவரிடம் திருப்பும் நயம் இதனால் மறைகிறது.

மூவருள் குருவும் லேவியரும் மதிக்கப்பட்டோர். சமாரியர் யூதரால் இகழப்பட்டவர். ‘எவன்’ மூவரையும் ஒப்பத் தாழ்த்துகிறது. ‘எவர்’ ஒப்ப உயர்த்துகிறது. மதிப்பில் நடுநிலையான மூலச்சொல் இவ்விரண்டையும் செய்வதில்லை. யாருக்கு மதிப்புத் தருவது என்பதே கதையின் சிக்கலாதலால் இவ்வேறுபாடு சிறிதன்று.

முடிவுரை

வந்தது யார், செய்தது யார் என்னும் தொடரமைப்பு தமிழில் இயல்பாக வழங்குகிறது. அதில் வினைமுற்று விகுதிக்கு இடமில்லை. பாலும் மதிப்பும் முன்கூட்டி முடிவாவதில்லை. ஈரிடத்தும் ‘யார்’ என ஆண்டு, பின்னதில் ‘இருந்தது யார்’ என அமைத்தால் மூலத்தின் சொல்லொற்றுமையும் நடுநிலையும் காக்கப்படும். சமாரியர்க்குரிய மதிப்பை வினா முந்தித் தராது. விடை சொல்பவரே தர நேரும்.