கொழும்பு நேரம், வன்னி நேரம்

1996 மே 25ஆம் திகதி பிறந்த நள்ளிரவில் இலங்கையின் கடிகாரங்கள் 12இலிருந்து நேரே 1 மணிக்குத் தாவின. மழை பொய்த்த ஆண்டு அது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி அப்போது நீர்மின் நிலையங்களிலிருந்தே வந்துகொண்டிருந்தது. மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்ற, ஊரெங்கும் மணிக்கணக்கில் மின்வெட்டு. ஜனாதிபதி சந்திரிகாவின் அரசு கையிலெடுத்த பரிகாரங்களில் ஒன்றுதான் இந்தத் தாவல்: கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முன்னே இருந்த நாடு ஆறரை மணி முன்னே போனது. ஐந்து மாதம் கழித்து, ஒக்டோபர் 26 அன்று, அரை மணி பின்வாங்கியது. மீதி அரை மணியைக் கைவிட 2006 ஏப்ரல் 15 வரை ஆயிற்று. ஆண்டுக்கு இருமுறை கடிகாரம் திருப்பும் வழக்கத்தை விட்டுவிடலாமா, கோடை நேரத்தையே ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ளலாமா என்று ஐரோப்பாவும் அமெரிக்காவும் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த வாதத்தில் இலங்கையின் பெயர் அடிபடுவதில்லை. அடிபட வேண்டும். முன்தள்ளிய கடிகாரத்தோடு ஒரு நாடு பத்தாண்டு வாழ்ந்து பார்த்த கதை இது. கடிகாரத்தைத் தள்ளும் அரசு உண்மையில் செய்வது ஒன்றே: எல்லோரையும் முன்னதாக எழச் சொல்கிறது. அதைத் தன் வாயால் சொல்லாமல் கடிகாரத்தைச் சொல்ல வைப்பதால் வரும் குழப்பங்களுக்கு இலங்கையைப் போல் இன்னொரு சாட்சி கிடைப்பது கடினம்.

இந்த யோசனை எங்கே முளைத்தது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். 1907இல் வில்லியம் வில்லெட் என்ற ஆங்கிலேயக் கட்டட ஒப்பந்தக்காரர், கோடைக்கால வெளிச்சம் வீணாகிறது என்று ஒரு சிறுநூல் அச்சிட்டு ஊரெல்லாம் பரப்பினார். கடிகாரத்தைத் தள்ளாவிட்டால் லண்டனில் ஜூன் மாதத்துச் சூரியன் விடிகாலை 4 மணிக்கு முன்பே எழுந்துவிடும். பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல் நீளும். டிசம்பரிலோ 8 மணிகூடத் தேறாது. ஊர் 7 மணிக்கு எழுகிறதென்றால் கோடையில் மூன்று மணி நேர வெளிச்சம் மூடிய சன்னல்களுக்கு வெளியே கிடக்கிறது. வில்லெட் உயிரோடிருந்தவரை நாடாளுமன்றம் அசையவில்லை. போர் வந்து, நிலக்கரி பெரும்பாடாகி, 1916 ஏப்ரல் 30 அன்று ஜெர்மனி முந்திக்கொண்ட பிறகு, மூன்று வாரத்தில் பிரிட்டனும் பின்தொடர்ந்தது. வடக்கத்திய நாடுகளுக்கு அவர் கணக்கில் நியாயம் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. கொழும்பின் கணக்கு வேறு. அங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே முக்கால் மணி சொச்சம்தான் வித்தியாசம். பழைய நேரப்படி ஆண்டு முழுவதும் சூரியன் 6 மணியை ஒட்டியே உதிக்கிறது. ஜனவரிக் கடைசியில் மட்டும் ஆறரையை நெருங்கும். போதாததற்கு, 1906 முதல் வழக்கிலிருந்த ஐந்தரை மணிக் கணக்கே கொழும்பின் சூரியனைவிடப் பதினொரு நிமிடம் முன்னே ஓடுவது. 1996 மே மாதத்தில் அந்த இடைவெளி 71 நிமிடமாகிவிட்டது.

இதில் முன்னோடி இல்லாமலில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஜனவரியில் அரை மணியும் செப்டம்பரில் இன்னோர் அரை மணியுமாக இலங்கை தன் கடிகாரத்தை முன்தள்ளியது. 1945 ஒக்டோபரில் மீட்டது. இந்தியாவும் அதே செப்டம்பரில் ஒரு மணி தள்ளி, அதே ஒக்டோபரில் பின்வாங்கியது. அந்தக் காலத்தில் பிறந்தவர்களின் சாதகத்தைக் கணிக்கும் சோதிடர்கள் போர்க்கால நேரம் என்று ஒரு மணியைக் கழித்துவிட்டே கட்டம் போடுகிறார்கள். ஆனால் அப்போது பாக்கு நீரிணையின் இரு கரையும் ஒரே ஏகாதிபத்தியத்தின் கீழ் இருந்தன, சேர்ந்தே நகர்ந்தன. போர் முடிந்ததும் அந்த நேரமும் முடிந்தது. 1996இன் மாற்றத்துக்கு அப்படியொரு தெளிவான முடிவுநாள் இருக்கவில்லை. தற்காலிக நெருக்கடிக்கு எடுத்த நடவடிக்கை, நெருக்கடி தணிந்த பிறகும் பல ஆண்டுகள் நீடித்தது.

சரி, மின்சாரமாவது மிஞ்சியதா? அரசின் தர்க்கம் மேலோட்டமாகப் பார்த்தால் பழுதற்றது. இலங்கையில் மின்சாரம் அதிகம் செலவாவது மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரை: விளக்கு, தொலைக்காட்சி, அடுக்களை எல்லாம் ஒன்றாக விழிக்கும் வேளை. கடிகாரம் முன்னே போனால் ஏழு மணிச் செய்தியையும் வெளிச்சத்திலேயே கேட்கலாம். படுக்கப் போவதும் சூரியக் கணக்கில் முன்னதாகிவிடும். ஆனால் பகல் பன்னிரண்டு மணி நேரமே உள்ள ஊரில், பதினாறு மணி நேரம் விழித்திருப்பவருக்கு எப்படியும் நான்கு மணி நேரம் விளக்கு வேண்டும். மாலையில் ஒரு மணி நேர விளக்கைக் குறைத்தால் அது விடியலில் வந்து நிற்கும். 5 மணிக்கு எழுந்து பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டும் வீட்டில், பழைய நேரப்படி 6 மணிக்கு அணைந்த அடுக்களை விளக்கு புதிய நேரப்படி 7 வரை எரிய வேண்டியிருந்தது. ஏழு மணி வரை தூங்கும் வசதியுள்ளவர்களுக்கு இலாபம் இருந்திருக்கலாம். நாட்டில் அவர்கள் எத்தனை பேர்? உச்ச வேளைச் சுமை குறைந்தாலே மின்சார சபைக்கு நிம்மதிதானே என்பது இதற்குப் பதிலாகச் சொல்லப்படுவது. இயந்திரங்கள் போதாத நாட்டுக்கு அது பொருந்தும். 1996இல் போதாமற்போனது தண்ணீர். மாலையில் திறக்காத மதகை விடியலில் திறந்தால் நீர்த்தேக்கத்துக்கு என்ன மிச்சம்?

பருவத்துக்குப் பருவம் பகல் நீண்டு குறுகும் நாடுகளிலேயே இந்தச் சேமிப்பு ஐயத்துக்குரியதாகிவிட்டது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பல மாவட்டங்கள் நெடுங்காலம் கடிகாரத்தைத் தொடாமலே இருந்தன. 2006 ஏப்ரலில் மாநிலம் முழுவதும் கோடை நேரத்துக்கு மாறியது. இலங்கை கைகழுவிய அதே மாதம்! மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வீடுகளின் மின்கட்டணப் பதிவுகளை ஒப்பிட்ட மாத்யூ காட்சன், லாரா கிராண்ட் என்னும் பொருளியலாளர்கள், மின்செலவு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று கூடியிருப்பதைக் கண்டார்கள். விளக்குச் செலவு குறைந்தது மெய். வெயில் தணியாத மாலையில் வீடு திரும்பியவர்கள் குளிரூட்டியைப் போட்டது அதை விழுங்கிவிட்டது.

செலவை விடிகாலையில் கொடுத்தவர்கள் பிள்ளைகள். பாடசாலை ஏழரைக்கு. ஒரு மணி முன்னேற்றம் அப்படியே நீடித்திருந்தால் ஜனவரி மாதத்தில் சூரியன் 7:25க்குத்தான் உதித்திருக்கும். அரை மணி குறைத்த பிறகும் விடியல் ஏழை ஒட்டியது. தொலைவிலிருந்து நடந்தோ பேருந்திலோ வருபவர்கள் இருட்டில்தான் புறப்பட்டார்கள். 2006இல் பழைய நேரத்துக்குத் திரும்பச் சொல்லப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று. அமெரிக்காவும் 1974 ஜனவரியில் எண்ணெய் நெருக்கடிக்காகக் கோடை நேரத்தை ஆண்டு முழுவதற்குமாக்கி, இருட்டில் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளை முன்னிட்டு எழுந்த எதிர்ப்பில் அதே ஒக்டோபரில் கைவிட்டது.

கடிகாரத்தைவிடப் பழைய கணக்குகள் இந்த நாட்டில் உயிரோடிருந்தன என்பதையும் அரசு மறந்திருந்தது. நாழிகை சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படுவது. அதற்கு எந்த வர்த்தமானியும் பொருட்டில்லை. ஆனால் திங்கட்கிழமை இராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது வரை என்று மனப்பாடமாய்ச் சொல்லி வந்த தலைமுறைக்கு, அது எட்டிலிருந்து ஒன்பதரை ஆகிவிட்டது. இந்தியாவில் அச்சான நாட்காட்டியைப் பார்ப்பவர் ஒவ்வொன்றுக்கும் அரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். நடுப்பகலுக்குப் பின் உண்ணாத பிக்குகளுக்கோ நடுப்பகல் எது என்பதே கேள்வி: கடிகாரத்தின் பன்னிரண்டா, சூரியன் உச்சிக்கு வரும் பன்னிரண்டே முக்காலுக்குக் கிட்டவா? இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்கலாம். ஒதுக்கினாலும், ஒரு நாட்டில் மூன்றிலொரு பங்கினர் பழைய நேரத்தை மனதுக்குள் கணக்கிட்டபடியே வாழ்ந்தால்கூடப் பொது நேரம் என்பது பெயரளவில்தான்.

மனதுக்குள் நில்லாமல் நிலப்பரப்பிலேயே இந்தப் பிளவு விழுந்தது வன்னியில். விடுதலைப் புலிகள் தங்கள் கட்டுப்பாட்டுப் பகுதியில் புதிய நேரத்தை ஏற்கவேயில்லை. 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் ஏ9 வீதி திறந்தபோது, ஓமந்தையைத் தாண்டியவர்கள் அரை மணி பின்னே போனார்கள். முகமாலையில் யாழ்ப்பாணத்துக்குள் நுழைந்ததும் அதே அரை மணி திரும்ப வந்தது. கிளிநொச்சியும் சென்னையும் ஒரே நேரம், கிளிநொச்சியும் வவுனியாவும் வேறு நேரம்! கொழும்பு விட்டுக்கொடுத்த எல்லையைவிட, புலிகள் விட்டுக்கொடுக்காத கடிகாரத்தில்தான் தனி ஆட்சி என்பது அன்றாடம் கண்ணில் பட்டது என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. சூரியனைக் கேட்டால், இந்த ஒரு விடயத்தில் வன்னியின் கணக்கே அதற்கு நெருக்கம்.

கடிகாரத்தைத் தள்ளுவதற்கு ஆதரவாக வலுவான வாதம் ஒன்று மிஞ்சுகிறது. அலுவலகம், பாடசாலை, வங்கி, பேருந்து என ஒவ்வொருவரும் தனித்தனியே நேரத்தை மாற்றுவது நடக்காத காரியம்; கடிகாரத்தை மாற்றினால் எல்லாம் ஒரே இரவில் மாறிவிடும் என்பது வில்லெட்டின் துருப்புச்சீட்டு. தனியார் நிறுவனங்கள் நிறைந்த லண்டனுக்கு அது சரி. பாடசாலைகளும் மருத்துவமனைகளும் பேருந்துகளில் கணிசமானவையும் அரசின் கையில் இருக்கும் இலங்கையில், அலுவலக நேரத்தை மாற்ற ஒரு சுற்றுநிருபம் போதும். சரிவராவிட்டால் அடுத்த வாரமே திருப்பிக்கொள்ளலாம். அசாமின் தேயிலைத் தோட்டங்களில் ‘பாகான் நேரம்’ என்று வேலை நேரத்தை ஒரு மணி முன்தள்ளிய வழக்கம் வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்தே உண்டு. அது தோட்டத்துக்குள் மட்டும். அதனால் வெளியே எவருடைய இராகுகாலமும் நகரவில்லை. 2022இல் இலங்கைக்கு 1996ஐவிடப் பெரிய நெருக்கடி வந்தது. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை போயிற்று, எரிபொருளும் தீர்ந்தது. பாடசாலைகளை மூடினார்கள், அரச ஊழியர்களில் பலரை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள், ஜூனில் வெள்ளிக்கிழமையையும் அவர்களுக்கு விடுமுறையாக்கினார்கள். கடிகாரத்தில் எவரும் கைவைக்கவில்லை.