கடல்கட்டியும் அன்றாட வழக்கும்: மன்னார் வளைகுடா முத்துச்சலாபத்தை முன்வைத்து மந்திரத்தின் எல்லை குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மன்னார் வளைகுடா முத்துச்சலாபத்தில் சுறாக்களின் வாயைக் கட்டுபவராகக் கருதப்பட்ட கடல்கட்டி என்னும் பணியாளரைப் பற்றிய பயணக் குறிப்புகளையும் குடியேற்றக்கால நூல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. அப்பணியின் கூறுகளிலிருந்து மந்திரத்தை அடையாளம் காண்பதற்கான நான்கு அளவைகளை வகுத்து, இன்று பழக்கம் என்றும் மூடநம்பிக்கை என்றும் ஒதுக்கப்படும் அன்றாட வழக்குகளுக்கு அவற்றைப் பொருத்திப் பார்க்கிறது.

முதன்மைச் சொற்கள்: கீழக்கரை, முத்துச்சலாபம், கடல்கட்டி, தம்பனம், மந்திரம், மூடநம்பிக்கை

முன்னுரை

எட்கர் தர்ஸ்டன் 1912ஆம் ஆண்டு வெளியிட்ட தென்னிந்தியச் சகுனங்களும் மூடநம்பிக்கைகளும் பற்றிய நூலில் சகுனம், கண்ணேறு, தாயத்து ஆகியவை தனித்தனி இயல்களாகவும், மந்திரமும் மந்திரவாதிகளும் வேறோர் இயலாகவும் அமைந்துள்ளன. இப்பகுப்பு பின்வந்த நாட்டார் வழக்காற்றுத் தொகுப்புகள் பலவற்றிலும் தொடர்கிறது. மந்திரவாதி ஒருவர் கட்டணம் பெற்றுச் செய்வது மந்திரம். வீட்டில் தாயோ தோணியில் தண்டேலோ செய்வது பழக்கம் அல்லது மூடநம்பிக்கை என்ற பிரிவு இதனால் இயல்பானதாகத் தோன்றுகிறது.

இப்பிரிவு செயலின் தன்மையைக் கொண்டு அமைந்ததா, செய்பவரின் நிலையைக் கொண்டு அமைந்ததா என்பதே இக்கட்டுரையின் வினா. இதற்கு விடை காணக் கடல்கட்டியின் பணி பொருத்தமான சான்றாகும். ஒரே செயல் அரசின் சம்பளம் பெறும் பணியாகவும், அதே அரசின் அலுவலர் எழுத்தில் மூடநம்பிக்கையாகவும் ஒருசேரப் பதிவாகியிருப்பது அரிதான நிலையாகும்.

கீழக்கரையும் சலாபமும்

இராமநாதபுரம் கடற்கரையில் அமைந்த கீழக்கரை, முத்துக்கும் சங்குக்கும் பெயர்பெற்ற துறைமுகமாகும். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரைப் புரந்த சீதக்காதி என்னும் செய்கு அப்துல் காதிர் மரைக்காயர் இவ்வூர் வணிகர். இவ்வூரின் முஸ்லிம் குளியாளிகள் தூத்துக்குடிப் பார்களில் மட்டுமன்றி, மன்னார் வளைகுடாவைக் கடந்து இலங்கையின் அரிப்பு, கொண்டச்சி ஆகிய இடங்களில் கூடிய சலாபங்களிலும் பணியாற்றினர். அங்கே பரதவக் கத்தோலிக்கரும் பிற சமூகத்தவரும் இவர்களுடன் குளித்தனர்.

குளிக்கும் முறை நுட்பமானது. கல்லைக் காலில் பொருத்தி, கயிற்றைப் பற்றி விரைந்து இறங்கி, ஒரு மூச்சுக்குள் சிப்பிகளைப் பொறுக்கிப் பையில் இட்டு, கயிற்றை அசைத்ததும் மேலிருப்பவர் இழுக்க மேலே வரவேண்டும். கயிறு, கல், காற்று, நீரோட்டம், பாரின் ஆழம் ஆகியவை குளியாளியின் அறிவுக்கும் பயிற்சிக்கும் உட்பட்டவை. சுறாவின் வருகை அவ்வாறு உட்பட்டதன்று. கடல்கட்டியின் பணி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

பதிவுகளில் கடல்கட்டி

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாபார் வந்த மார்கோ போலோவின் குறிப்பில், முத்துக் குளிப்போர் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், பெருமீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கும் தந்தனர் எனக் காணப்படுகிறது. கட்டுவோர் பெற்றது அரசன் பங்கில் சரிபாதியாகும். அவர்களை அவர் அப்ரையாமன் எனக் குறிப்பிடுகிறார். இது பிராமணர் என்பதன் திரிபாகக் கொள்ளப்படுகிறது. கட்டு பகலுக்கு மட்டுமே உரியது. மாலையில் அது அவிழ்க்கப்படும். இரவில் எவரும் களவாகக் குளிக்கத் துணியாதிருக்கவே இவ்வாறு செய்யப்பட்டது என்னும் விளக்கம் ரமூசியோவின் 16ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பதிப்பில் இடம்பெறுகிறது. சுறாவைக் கட்டும் மந்திரம் பாரைக் காக்கும் விதியாகவும் இயங்கியதை இது காட்டுகிறது.

ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின், 1803ஆம் ஆண்டு வெளியான இராபர்ட் பெர்சிவலின் இலங்கை பற்றிய நூல், தோணிகள் திரும்பும்வரை கரையில் நின்று மந்திரம் முணுமுணுப்போரை விவரிக்கிறது. அதுவரை அவர்கள் உண்ணவும் பருகவும் கூடாது. மீறினால் மந்திரம் பலிக்காது. குளியாளி ஒருவர் சுறாவிடம் காலை இழந்தபோது தலைமை மந்திரக்காரரிடம் விளக்கம் கேட்கப்பட்டது. மலபார்க் கரையிலிருந்து வந்த, தன்மேல் பகைகொண்ட சூனியக்காரி ஒருத்தி எதிர்மந்திரம் செய்துவிட்டாள் என்பதே அவர் தந்த விடை.

கொழும்பில் பாதிரியாராக இருந்த ஜேம்ஸ் கார்டினர் 1807ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் கடல்கட்டி என்ற தமிழ்ப் பெயரையே தருகிறார். இருவர் இப்பணியில் இருந்தனர். இருவரும் ஒரே குடும்பத்தினர். ஒருவர் தலைமை மாலுமியின் தோணியில் சென்றார். மற்றவர் கரையில் ஓர் அறைக்குள் அடைந்திருந்தார். அவர்முன் நீர் நிறைந்த பித்தளைப் பாத்திரத்தில் வெள்ளியால் செய்த ஆண்மீனும் பெண்மீனும் இருந்தன. கடலில் தீங்கு நேர்ந்தால் ஒரு மீன் மற்றதைக் கடிக்கும் என நம்பப்பட்டது. இவர்களை ஏமாற்றுக்காரர் என எழுதும் கார்டினர், இவர்களுக்கு அரசே ஊதியம் வழங்கியதையும், இவர்கள் இல்லாமல் குளியாளிகள் நீரில் இறங்க மறுத்ததையும் அதே பகுதியில் பதிவு செய்கிறார்.

இலங்கை அரசின் குடியேற்றச் செயலராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட் 1859ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் இன்னும் ஒரு படி செல்கிறது. அக்காலத்தில் இக்குடும்பத்தின் தலைவர் உரோமன் கத்தோலிக்கர். மந்திரத்தின் ஆற்றல் அதனைச் செய்பவரின் சமயத்தைச் சார்ந்ததாகக் கருதப்படவில்லை என்கிறார் டென்னன்ட். அவர் சென்றபோது கடல்கட்டி நோயுற்றிருந்ததால் பதிலாள் ஒருவர் அனுப்பப்பட்டார். மறைமொழி தமக்குத் தெரியாது எனினும், உரியவரின் சார்பாளராகத் தாம் வந்திருப்பதே போதும். சுறாக்கள் அதனை மதிக்கும் என்று அவர் உறுதி கூறினார்.

இப்பதிவுகளை எழுதியோர் அயலார். ஏளனம் கலந்து எழுதியோர். எனினும் அவற்றை வரிசையாக வைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. பிராமணர் எனப்பட்டோரிடமிருந்து கத்தோலிக்கக் குடும்பத்திற்குப் பணி மாறியுள்ளது, அரசும் மாறியுள்ளது, பங்கு சம்பளமாகியுள்ளது. பணி மட்டும் மாறவில்லை. முஸ்லிம், கிறித்தவ, இந்துக் குளியாளிகள் அனைவரும் சார்ந்திருந்தது ஒரு நம்பிக்கைக் கோட்பாட்டை அன்று, ஒரு பணியை. கடல்கட்டி வேண்டும் என்ற அவர்களது நிலைப்பாடு, உயிருக்கு ஆபத்தான தொழிலில் இறங்குவதற்கு அவர்கள் விதித்த நிபந்தனையுமாகும். மூடநம்பிக்கை என்ற சொல் இந்த நிபந்தனையை மறைத்துவிடுகிறது.

மந்திரத்தை அறிவதற்கான அளவைகள்

தமிழ் மந்திர மரபு மந்திரச் செயல்களை எட்டாகப் பகுத்து அட்டகருமம் என்னும். அவற்றுள் இயக்கத்தைத் தடுத்து நிறுத்துவது தம்பனம். கடல்கட்டியின் கட்டு தம்பனத்தின்பாற் படும். வெள்ளி மீன்களைக் கொண்டு கடல் மீன்களை அறிவதும் ஆள்வதும் ஃபிரேசர் வகுத்த ஒப்புமை மந்திரத்திற்குச் சான்றாகும்.

மேற்கண்ட பதிவுகளிலிருந்து நான்கு அளவைகளைப் பெறலாம். முதலாவது, தொழில்நுட்பத்துக்கு எட்டாத ஒரு பொருளின்மீதோ உயிரின்மீதோ விளைவை நேரடியாக ஏற்படுத்துவது செயலின் நோக்கமாக இருத்தல். இரண்டாவது, சொல்லும் செயலும் மாறாத வடிவம் பெற்றிருத்தல். மூன்றாவது, மீறினால் பலன் கெடும் என்னும் விலக்கு இருத்தல். நான்காவது, தோல்வி நேரும்போது செயலின் மதிப்பைக் காக்கும் விளக்கம் ஆயத்தமாக இருத்தல்.

இவ்வளவைகள் அனைத்தையும் மந்திரமாக்கிவிடுவதில்லை. கயிற்றைச் சோதிப்பது முதல் அளவையிலேயே விலகும், அது தொழில்நுட்பம். இறைவனை வேண்டுவதும் விலகும். அங்கே விளைவு வேண்டப்படுபவரின் விருப்பத்தைச் சார்ந்தது. ஓதி ஊதுவதையும் நீர் ஓதிக் கொடுப்பதையும் துஆ என்னும் வேண்டுதலாகவே செய்பவர்களிடத்து அதனை மந்திரம் எனல் பொருந்தாது. வெளித்தோற்றத்தில் ஒத்த இரு செயல்கள் இதனால் வெவ்வேறு வகைப்படும்.

திரோபிரியண்டுத் தீவுகளை ஆராய்ந்த மாலினோவ்ஸ்கி, 1925ஆம் ஆண்டின் கட்டுரையில், ஆபத்தில்லாத உப்பங்கழி மீன்பிடிப்பில் மந்திரம் இல்லை என்றும், ஆபத்து மிகுந்த திறந்த கடல் மீன்பிடிப்பில் விரிவான மந்திரம் உண்டு என்றும் காட்டினார். கடல்கட்டி இக்கருத்துக்கு அரண் சேர்க்கிறார். அறியாமை இருந்த இடத்திலன்றி, அறிவின் எல்லையை நன்கு அறிந்தோர் நடுவிலேயே இம்மந்திரம் நிலைபெற்றது.

அன்றாட வழக்குகள்

இனி இவ்வளவைகளை அன்றாட வழக்குகளுக்குப் பொருத்தலாம். வீட்டை விட்டுப் புறப்படுபவர் ‘போகிறேன்’ எனக் கூறாமல் ‘போய் வருகிறேன்’ என்பர். திரும்பி வருதலைச் சொல்லிலேயே முன்கூட்டி நிகழ்த்தும் வடிவம் இது. சொல் மாறாதது, ‘போகிறேன்’ என்பது விலக்கு, வாய்தவறிச் சொன்னால் மூத்தோர் திருத்துவர், தீங்கு நேர்ந்தால் அச்சொல் நினைவுகூரப்படும். நான்கு அளவைகளும் இதில் பொருந்துகின்றன.

இரவில் பாம்பின் பெயரைச் சொல்லாமல் ‘பூச்சி’ எனல் தம்பனத்தின் மறுபக்கம்; பெயரைச் சொன்னால் வரும் என்பதால் பெயரைக் கட்டுகின்றனர். குழந்தையின் கன்னத்தில் மைப்பொட்டு இடுவது பார்வையைத் திசைதிருப்பும் செயல். புதிய வண்டியின் சக்கரத்தின்கீழ் எலுமிச்சை வைத்து நசுக்குவது விபத்துக்கு ஈடு கொடுக்கும் செயல். இவற்றைச் செய்பவர்கள் தங்களை மந்திரம் செய்பவர்களாகக் கருதுவதில்லை. செய்பவருக்குத் தனிப்பெயரோ கட்டணமோ இல்லாததே இதற்குக் காரணம். டென்னன்டிடம் பேசிய பதிலாளும் மறைமொழி அறியாதவரே. உரிய இடத்தில் உரியவர் சார்பாக நின்றதே அவர் செயலாயிற்று. அன்றாட வழக்கைப் பேணுபவரின் நிலையும் இத்தகையதே. காரணம் அறியார், ஆயினும் செய்யாமல் விடார்.

ஆகவே மந்திரத்திற்கும் மூடநம்பிக்கைக்கும் இடையிலான கோடு பெரும்பாலும் கட்டணத்தாலும் பதிவாலும் வரையப்பட்டது. செயலின் அமைப்பு அக்கோட்டின் இருபுறமும் ஒன்றாகவே உள்ளது.

முடிவுரை

கடல்கட்டி அரசின் செலவில் இடம்பெற்றதால் ஆவணத்தில் நிலைத்தார். அவரை நம்பி நீரில் இறங்கிய குளியாளி தன் தோணியிலும் வீட்டிலும் செய்தவை ஆவணம் ஏறவில்லை. அவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்கும் ஆய்வு, குடியேற்றக்கால அலுவலரின் சொல்லைத் தன் சொல்லாக ஏற்பதோடு, ஆபத்தை எதிர்கொண்ட உழைப்பாளியின் அறிவையும் இழக்கிறது. அவற்றை மந்திரம் என்று ஏற்பது அவற்றின் பலனை ஏற்பதாகாது. அவற்றுக்கு வடிவமும் விதியும் வரலாறும் உண்டு என்று ஏற்பதாகும்.

தூத்துக்குடிப் பார்களில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. அதில் இறங்கியோரின் நினைவுகள் அரிதாகி வருகின்றன. கீழக்கரை முதலான ஊர்களின் மூத்த குளியாளிகளிடம் எதை நம்பினீர்கள் என்று கேட்பதினும், இறங்குமுன் எதைச் செய்தீர்கள், எதைச் சொல்லாமல் விட்டீர்கள், தவறியபோது என்ன காரணம் கூறினீர்கள் என்று கேட்பதே கள ஆய்வுக்குப் பயன் தரும்.