வெள்ளை நாயும் கேளாத காதும்

2005-இல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அவற்றில் நம் ராஜபாளையம் நாயும் ஒன்று. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, காவலுக்குப் பேர்போன குணம். ஆனால் அந்த வெள்ளைக்கு இந்த இனம் ஒரு விலை கொடுத்து வருகிறது. சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்பதில்லை.

வெள்ளைக்கும் செவிட்டுக்கும் உள்ள உறவு பழைய செய்திதான். நீலக்கண் கொண்ட வெள்ளைப் பூனைகள் பெரும்பாலும் செவிடு என்று டார்வினே எழுதியிருக்கிறார். 1896-இல் ராவிட்ஸ் என்ற ஜெர்மானியர், நீலக்கண் வெள்ளை நாய் ஒன்றின் காதை ஆராய்ந்து எழுதினார்.

காரணம் பிற்பாடு விளங்கியது. உட்காதில் ரத்த நாளங்கள் நிறைந்த ஒரு பட்டை இருக்கிறது. அது வேலை செய்ய நிறமிச் செல்கள் வேண்டும். நிறமே இல்லாத உடம்பில் சில சமயம் அங்கும் அவை இருப்பதில்லை. அப்போது குட்டி பிறந்த மூன்று நான்கு வாரத்தில் அந்தப் பட்டை நலிந்து, ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்களும் மடிந்துவிடும். இதற்கு மருந்து கிடையாது. டால்மேஷன், புல் டெரியர் இனங்களிலும் இதே கதைதான்.

தலையை உதறுவது, காதைச் சொறிவது, நாற்றத்தோடு சீழ் வடிவது இவையெல்லாம் வேறு. பெரும்பாலும் தொற்றாலோ உண்ணியாலோ வருபவை. கால்நடை மருத்துவரிடம் காட்டினால் குணமாகும். பிறவிச் செவிட்டுக்கு வலியும் இல்லை, வெளி அடையாளமும் இல்லை. ஐந்து வாரம் கழிந்த குட்டி தூங்கும்போது, பின்னால் சற்றுத் தள்ளி நின்று விசிலடித்துப் பாருங்கள். தரை அதிரக் கூடாது, காற்றும் படக் கூடாது. மற்றக் குட்டிகள் எழுந்து ஓட, ஒன்று மட்டும் தூங்கினால் சந்தேகப்படலாம்.

ஒரு காது மட்டும் கேளாத நாயைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். கூப்பிட்டால் வரும், குரைக்கும், காவலும் காக்கும். நல்ல நாய் என்று நம்பி இணை சேர்ப்பார்கள். குறை அடுத்த ஈற்றுக்கும் போகும். மூளை அலையை அளக்கும் பரிசோதனையில்தான் இது உறுதியாகத் தெரியும்.

செவிட்டு நாயைக் கைச்சைகையால் பழக்கலாம். தெருவில் சங்கிலியோடு கூட்டிப் போகவேண்டும். தூங்கும்போது திடீரென்று தொடக் கூடாது. அதை வளர்க்கலாம்; இனவிருத்திக்கு மட்டும் விடக் கூடாது. இனி குட்டி வாங்குபவர்கள் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் காதைச் சோதித்துக் கேட்டால், வளர்ப்பவர்களும் அதைக் கவனிக்கத் தொடங்குவார்கள்.