செவியும் திருப்பணியும்

ஆலய வழிபாடு பெரும்பாலும் செவிவழியே நிகழ்வது. வேதம் வாசிக்கப்படுகிறது, பிரசங்கம் நிகழ்த்தப்படுகிறது, கீதம் இசைக்கப்படுகிறது. காது கேளாதவன் அங்கே என் செய்வான்? நெடுங்காலம் அவன் சபை நடுவிலும் தனியனாகவே அமர்ந்திருந்தான்.

இந்நிலையை மாற்ற முற்பட்டவருள் ஒருவர் அமெரிக்க எப்பிஸ்கோப்பல் திருச்சபைக் குருவானவர் தோமஸ் கலோடெற். அவருடைய தாயார் செவிப்புலனற்றவர். ஆதலின் சைகைமொழி அவருக்கு இளமையிலேயே கைவந்தது. 1852இல் நியூயோர்க் நகரிற் செவிப்புலனற்றோருக்கெனப் புனித அன்னாள் ஆலயத்தை அவர் நிறுவினார். அங்கே மன்றாட்டும் பிரசங்கமும் கைகளாற் பேசப்பட்டன.

எனினும், பீடத்தில் நின்றவர் செவியுடையவரே. ஹென்றி வின்ரர் சைல் சிறுபிராயத்திற் காய்ச்சலாற் செவிப்புலனை இழந்தவர். கலோடெற்றின் ஊக்கத்தால் அவர் குருத்துவப் பணியை நாடியபோது, புலன் குன்றியவர் குருவாதல் தகாதென எதிர்ப்பு எழுந்தது. பென்சில்வேனியா அத்தியட்சர் ஸ்டீவன்ஸ் அதற்கு இணங்காது, 1876இல் அவரை உதவிக்குருவாகத் திருநிலைப்படுத்தினார். 1883இற் குருவான சைல், 1888இற் பிலடெல்பியாவிற் செவிப்புலனற்றோருக்கென ஓர் ஆலயத்தை எழுப்பினார்.

ஆலயத்தில் இடம் அளித்தல் ஒன்று. அதன் பணியிற் பங்கு அளித்தல் மற்றொன்று. இரண்டும் கூடியபோதே சபை நிறைவுற்றது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 27ஆம் நாள் அத்திருச்சபை கலோடெற்றையும் சைலையும் ஒருங்கே நினைவுகூர்கின்றது.