அளவுச்சட்டையும் கடதாசி வெட்டும்



சட்டை தைக்கக் கொடுக்கப் போகும் நம் பெண்கள் புதுத் துணியோடு ஒரு பழைய சட்டையையும் எடுத்துச் செல்வார்கள். அதற்கு அளவுச்சட்டை என்று பெயர். 'இதே அளவிலை தையுங்கோ, கையை மட்டும் ஒரு அங்குலம் கூட்டுங்கோ' என்றால் தையற்காரருக்குப் போதும். அவர் அளவுநாடாவைத் தேடமாட்டார். பழையதைப் புதியதன் மேல் விரித்து, ஓரமாகச் சோக்கால் கோடிழுத்து, வெட்டத் தொடங்கிவிடுவார். ஓர் உடலின் கணக்கு முழுவதும் அந்தப் பழந்துணியில் இருக்கிறது. எழுத்தறியாதவரும் வாசிக்கக்கூடிய ஏடு அது.

அந்த ஏட்டுக்குத் தூரத்து உறவான இன்னோர் ஏட்டின் கதையை இன்று சொல்ல விரும்புகிறேன். விக்டோரியா மகாராணி காலத்துப் பெண்களின் உடைக்காக அச்சகங்களும் கடைகளும் வெளியிட்ட கடதாசி வெட்டுமாதிரிகளின் கதை. தையற்காரர் வாயில் இது 'பற்றன்'. இலக்கியத் தொடரில் தையலுக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். கேட்டு முடித்தபின் அந்தக் கேள்வி இராது என்று நம்புகிறேன்.

தைத்த உடை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரத்தில் துன்னகாரர் இருக்கிறார்கள். துன்னம் என்றால் தையல். முல்லைப்பாட்டில் பாசறையைக் காக்கும் யவனர் மெய்ப்பை அணிந்திருக்கிறார்கள். மெய்யை உள்ளே இடும் பை, சட்டைக்கு இதைவிட நேரான பெயர் கிடைக்காது. ஆயினும் நம் நாட்டு உடையின் அடிப்படை தைக்காத துணியே. தறியிலிருந்து இறங்கியபடி உடலைச் சுற்றுவது, விரலால் மடித்துச் செருகுவது. அந்த மடிப்புக்குக் கொய்சகம் என்று பழம்பெயர். நம் பேச்சில் அது கொய்யகம். தமிழகத்துக் கிராமங்களில் மடிப்பைப் பின்னிடுப்பில் விசிறிபோல விட்டுக் கட்டும் வழக்கம் உண்டு, அதைப் பின்கொசுவம் என்பார்கள்.

இந்தப் பின்கொசுவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போவோம். 1860களில் அங்கே பெரிய இடத்துப் பெண்கள் கூடைபோல் வட்டமாக விரிந்த பாவாடை அணிந்தார்கள். 1870ஐ ஒட்டி அந்த வட்டத்தின் முன்புறம் ஒடுங்கி, துணி முழுவதும் பின்புறம் குவிந்தது. குவிந்த துணி கீழே சரியாமல் நிற்க இடுப்பின் பின்னே ஒரு சட்டகம் கட்டினார்கள். உருக்குக் கம்பி, குதிரைமயிர், கஞ்சியிட்ட துணி முதலியவற்றால் ஆன அதற்குப் பஸ்ஸல் என்று பெயர். 1870களின் பிற்பகுதியில் அது மறைந்தது. 1883 அளவில் இன்னும் துருத்திக்கொண்டு திரும்பி வந்தது. 1889 அளவில் ஒழிந்தது. மேலே இறுகிய மார்ச்சட்டை, அதற்குள் திமிங்கிலத்தின் தாடைத் தகடு வைத்துத் தைத்த இடைக்கச்சை. இப்படி உடுத்த பெண் சாதாரணமாகக் கதிரையில் சாய்ந்து இருக்கவும் முடியாது.

இரண்டும் பின்புறத்து மடிப்புத்தான். ஒன்றை ஒரு பெண் காலையில் தன் விரல்களால் மடித்து இரவில் அவிழ்க்கிறாள், அதே சேலையை மகளும் உடுக்கலாம். மற்றதை ஓர் உடலுக்கென்றே கணக்கிட்டு வெட்டவேண்டும்.

அந்தக் கணக்குத்தான் கடினம். மார்ச்சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம், கைக்கிடைத் துண்டு, பின்பக்கத் துண்டு, முதுகு என்று ஒவ்வொரு பாதிக்கும் நான்கு துண்டுகள். முன்துண்டில் மார்பின் கீழே இரண்டு பிடிப்புகள். கைக்கு மேற்றுண்டு, கீழ்த்துண்டு என்று இரண்டு. எல்லாம் வளைகோடுகள். தட்டையான துணி உருண்ட உடலில் சுருக்கமில்லாமல் படியவேண்டுமானால் ஒவ்வொரு வளைவும் அடுத்த வளைவோடு பொருந்தவேண்டும். கால் அங்குலம் தவறினால் தோள் இழுக்கும். இந்த வித்தை தேர்ந்த தையற்காரர் சிலரிடம் மட்டுமே இருந்தது. பல ஆண்டுகள் கூடவிருந்து பழகியவருக்கே அது வாய்க்கும். ஊசி பிடிக்கத் தெரிந்த பெண்கள் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். வெட்டத் தெரிந்தவர் மிகச் சிலர்.

அமெரிக்காவில் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்ரேளிங் என்ற சிற்றூரில் எபினேசர் பட்டரிக் என்றொரு தையற்காரர் இருந்தார். மகனுக்கு உடை தைக்க முனைந்த அவர் மனைவி எலன், அளவுக்கேற்ற வெட்டுமாதிரி கடையில் கிடைத்தால் எவ்வளவு நல்லது என்று சொன்னார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1863இல் அவர்கள் பல அளவுகளில் மாதிரி வெட்டி விற்கத் தொடங்கினார்கள். முதலில் ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும், 1866 முதல் பெண்களுக்கும். கனத்த தாளை விட்டு மென்கடதாசிக்கு மாறியதும் அது ஓர் உறைக்குள் அடங்கித் தபாலில் போகத் தொடங்கியது. 1870களின் நடுவில் லண்டன், பாரிஸ், பெர்லின், வியன்னா நகரங்களிலும் அவர்களுக்குக் கிளைகள் இருந்தன. நியூயோர்க்கில் எலன் டெமொறஸ்ற் என்ற அம்மையார் அதற்கு முன்பே மாதிரிகளைத் தம் சஞ்சிகையோடு இணைத்து விற்றுவந்தார். ஜேம்ஸ் மக்கோல் 1870இல் இத்தொழிலில் இறங்கினார்.

அந்தக் கடதாசியில் அச்செழுத்து ஒன்றும் இராது. சிறு துளைகளும் ஓரத்தில் வெட்டிய கீறல்களுமே அதன் மொழி. இந்தத் துளை பிடிப்புக்கு, அந்தக் கீறல் அடுத்த துண்டோடு சேருமிடத்துக்கு என்று வாசிப்பவள் அறிந்திருக்கவேண்டும். 1867இல் தொடங்கிய ஹாப்பர்ஸ் பஸார் போன்ற இதழ்கள் இன்னொரு வழி செய்தன. ஒரே பெருந்தாளில் பல உடைகளின் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டன. புள்ளிக்கோடு ஓர் உடை, விட்டுவிட்டுச் செல்லும் கோடு இன்னோர் உடை. பல்சக்கரம் ஒன்றை உருட்டித் தனக்கு வேண்டிய கோட்டை மட்டும் வேறு தாளில் பதித்தெடுக்கவேண்டும்.

தமிழ் படித்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது. நம் ஏட்டுச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது, சொல்லுக்குச் சொல் இடைவெளி இராது, அடி முடியுமிடமும் தெரியாது. தெரிந்தவன் பிரித்து வாசிக்கவேண்டும். காலத்தையும் பாருங்கள். பஸ்ஸல் மீண்டும் எழுந்த அதே ஆண்டுகளில்தான் நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். அதே 1887இல் உ. வே. சாமிநாதையரின் சீவகசிந்தாமணி வெளிவந்தது. மடங்களிலும் சில குடும்பங்களின் பெட்டிகளிலும் கிடந்த நூல், காசு கொடுத்து வாங்கும் எவர் கையிலும் சேர்ந்தது. கடல்களுக்கப்பால் தையற்காரரின் மேசையில் கிடந்த வித்தையும் அப்படியே சில சதம் கொடுத்த பெண்ணின் கைக்கு வந்தது. சிலரிடம் இருந்த அறிவு பலரிடம் போவதே இரண்டிலும் நடந்தது. அதில் ஒரு முரணும் உண்டு. பெண்ணை அசையவிடாமல் கட்டிய உடைதான் அவளுக்கு வெட்டும் கலையைக் கொண்டுவந்தது. 1881இல் லண்டனில் உடைச் சீர்திருத்தச் சங்கம் ஒன்று தொடங்கியது. உள்ளாடையின் மொத்த எடை ஏழு இறாத்தலை மிஞ்சக்கூடாது என்று அது பின்னர் கேட்டது. அப்படிக் கேட்கவேண்டியிருந்தால் அதுவரை சுமந்தது எவ்வளவு என்று எண்ணிக்கொள்ளலாம்.

அந்த உடைகளின் கண்ணைப் பறிக்கும் நிறங்களுக்கும் நம் கரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. மன்னார்த் தீவிலும் வடபகுதியின் மணற்பாங்கான நிலங்களிலும் இம்பூறல் என்ற சிறு செடி வளர்கிறது. அதன் வேரே சாயவேர். ஒல்லாந்தர் காலத்தில் அதைத் தோண்டுவதற்கென்றே வேர்குத்திகள் என்ற குலத்தார் இருந்தார்கள். அந்த வேர் தந்த சிவப்பில் தோய்ந்த துணிகள் ஐரோப்பா வரை சென்றன. 1868இல் ஜேர்மனியில் கிரேபே, லீபர்மான் என்ற இரு வேதியியலார் அதே சிவப்புப் பொருளை ஆய்வுகூடத்தில் ஆக்கிவிட்டார்கள். ஏற்கெனவே நலிந்திருந்த சாயவேர்த் தொழில் அதற்குப்பின் எழவில்லை. பஸ்ஸல் உடுத்தவளுக்கு மன்னார் மணலைத் தோண்டிய கை தேவைப்படவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தையல் ஏற்கெனவே பல வழிகளில் வந்துகொண்டிருந்தது. சப்பாத்து, லேஞ்சி, ரேந்தை என்ற சொற்களைப் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றார்கள். 1824இல் உடுவிலில் அமெரிக்க மிஷன் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியது. அங்கே வாசிப்போடு ஊசிவேலையும் பாடம். 1877இல் சிங்கர் நிறுவனம் கொழும்புப் புறக்கோட்டையில் கடை திறந்தது. அதே ஆண்டில் கொழும்பில் பிறந்த குழந்தை ஒன்று பின்னர் இந்த உடை மாற்றத்தைக் கடுமையாகக் கண்டித்தது. அவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. இலங்கையர் ஐரோப்பிய உடை அணிவதைக் கண்டு வருந்தி 1905இல் அவர் கண்டியில் வெளியிட்ட சிறுநூலின் தலைப்பைத் தமிழில் 'இரவல் இறகுகள்' எனலாம். மயிலிறகைச் செருகிக்கொண்ட காக்கையின் கதையை நினைவூட்டும் தலைப்பு.

குமாரசுவாமியின் வருத்தம் நியாயமானது. வெப்ப நாட்டில் வெள்ளைக்காரனைப் போல் உடுத்து வியர்ப்பதில் பெருமை எதுவுமில்லை. ஆனால் உடையின் கதை அதோடு முடியவில்லை. தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது என்ற கொடுமை இருந்தது. நாகர்கோயிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மோல்ட் அம்மையார் முதலியோர் பெண்களுக்கு ரேந்தைப் பின்னலும் தையலும் கற்பித்தார்கள். அந்த வருமானத்தால் அடிமைத்தளையிலிருந்து மீண்ட பெண்களும் உண்டு. அங்கே தைத்த தளர்வான குப்பாயத்தை அணிந்ததற்காகப் பெண்கள் சந்தையில் அடிபட்டார்கள், உடை கிழிக்கப்பட்டது. நீண்ட கலவரத்தின் பின் 1859 யூலை 26இல்தான் மன்னர் ஆணை அவர்களுக்குச் சட்டையை அனுமதித்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுக்கக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. நம் யாழ்ப்பாணமும் இதைப் பார்த்துக் கைகழுவிவிட முடியாது. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேற்சட்டை அணியவிடாமல் குறுக்குக்கட்டோடு நிறுத்தப்பட்ட நிலை இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. மறுக்கப்பட்டவளுக்குச் சட்டை இரவல் இறகாக இருந்திருக்க முடியாது. அது அவளுடைய தோல்போல அவளுக்கு உரியது.

நம் பெண்கள் செய்தது என்ன? ஐரோப்பிய உடை முழுவதையும் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. கம்பிச் சட்டகத்தை விட்டுவிட்டார்கள், வெட்டை எடுத்தார்கள். வங்காளத்தில் தாகூர் குடும்பத்து ஞானதானந்தினி தேவி 1860களில் பம்பாயில் பார்சிப் பெண்களைப் பார்த்துச் சேலைக்குள் சட்டையும் உள்பாவாடையும் சேர்த்து உடுக்கும் முறையை வகுத்தார். இலங்கையில் அநகாரிக தர்மபால சிங்களப் பெண்களைச் சேலைக்குத் திரும்பச் சொன்னார், அந்தச் சேலைக்கும் சட்டை வேண்டியிருந்தது. இன்று நம் சட்டையில் மார்பின் கீழே வரும் பிடிப்பும், தோளில் பொருத்தும் கையும் அந்த ஐரோப்பிய வெட்டின் வழிவந்தவை. மேலே வெட்டிய சட்டை, கீழே வெட்டாத சேலை. இரண்டு நாகரிகங்கள் ஓர் உடலில் சண்டையில்லாமல் வாழ்கின்றன.

அந்த வெட்டு இன்று யார் கையில் இருக்கிறது என்பதே என்னை இந்தக் கதையின் பின்னால் அலையவைத்த கேள்வி. 2008இல் மன்னார்–பூநகரி வீதியோரத்து ஊர்கள் வெள்ளாங்குளம் வரை வெறுமையாகின. அப்போது தையல் மெசினின் தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் கட்டி எடுத்துச் சென்ற குடும்பங்கள் பல. அது சோறு போடும் என்று அவர்களுக்குத் தெரியும். 2009இன் பின் கணவனை இழந்த பெண்களுக்கு வாழ்வாதார உதவியாக மெசின்கள் வழங்கப்பட்டன. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. கூலி கிடைக்கிறது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் தொழிற்சாலையில் ஒருத்தி நாள் முழுவதும் கைத்துண்டை மட்டும் பொருத்துகிறாள், மற்றவள் தெறி மட்டும் தைக்கிறாள். முழு உடையின் வெட்டுமாதிரி கணினியில், வேறு யாருடைய மேசையிலோ இருக்கிறது. பட்டரிக் தம்பதிக்கு முன் தையற்காரரின் மேசையில் பூட்டிக்கிடந்த வித்தை மறுபடியும் பூட்டுக்குள் போயிருக்கிறது.

ஆகவே மெசின் கொடுக்கும் கை, கூடவே வெட்டையும் கொடுக்கவேண்டும். மனையியல் வகுப்பில் ஒரு பிள்ளை பழுப்புக் கடதாசியில் தோளையும் கக்கத்தையும் வரைந்து வெட்டினால் அதைச் சில்லறை வேலை என்று ஒதுக்காதீர்கள். தொல்காப்பிய ஏட்டைப் பிரித்து வாசித்தவர்களுக்கு நாம் கொடுக்கும் மதிப்பில் ஒரு சிறு பங்கு அவளுக்கும் உரியது. மெசின் பழுதாகலாம், சாக்கில் கட்டிய சாமான் வழியில் தொலையலாம். வெட்டத் தெரிந்த கையை அவள் போகுமிடமெல்லாம் கொண்டு போவாள்.