வாடாத பூவின் கதை – 4: வெள்ளி போட்ட காவல்

சென்ற வாரம் 1908-ல் நின்றோம். சிகாகோவில் க்ராக்கரும் நைட்டும் கார்னேஷன் பூக்களைச் சோதித்தார்கள். 20 லட்சம் பங்கு காற்றில் ஒரே ஒரு பங்கு எத்திலீன். 12 மணி நேரத்தில் விரிந்த பூக்கள் இதழ் மூடிக்கொண்டன. குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது. அவன் கையைக் கட்டுவது எப்படி?

இந்தக் கேள்வியின் கனம் கேமரன் மலையின் கியா பார்ம் பூக்காரர்களுக்குப் புரியும். அந்த மலைத் தேயிலைக்கு வாட்டம்தான் முதல் பக்குவம். பறித்த கொழுந்தை வாட்டிய பிறகே அரைக்கிறார்கள். அதே மலையில் விளையும் பூ வாடினாலோ விலை போச்சு. கிரிசாந்திமம் எத்திலீனுக்கு அவ்வளவாக அசையாது. கார்னேஷன் அப்படியல்ல. மலையிறங்கும் லாரியின் புகையிலும், பக்கத்துக் கூடையில் பழுத்த பழத்திலும் எத்திலீன் உண்டு. நம் ஊரில் வாழைத்தாருக்குப் புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைப்பதும் அதன் கைவண்ணமே.

காற்றைச் சுத்தம் செய்தாலும் தப்ப முடியாது. எத்திலீன் செடியின் சொந்த ஹார்மோன். முதிரும் பூ தானே அதைச் சுரக்கிறது. ஆகவே வாயுவை விட்டுவிட்டு, அதன் சேதியைக் கேட்கும் காதை அடைக்க வேண்டும்.

வழி பிறந்தது 1976-ல். அமெரிக்காவின் எல்மோ பேயர் செடிகள்மேல் வெள்ளி நைட்ரேட்டைத் தெளித்தார். எத்திலீன் சூழ்ந்தும் அவை அசைந்து கொடுக்கவில்லை! காரணம் பின்னால் தெரிந்தது. செடியின் ஏற்பிப் புரதத்தில் எத்திலீன் வந்தமரும் இடத்தில் ஒரு செம்பு அயனி இருக்கிறது. வெள்ளி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பூட்டுக்குள் சாவி நுழைகிறது, ஆனால் திரும்பவில்லை.

ஒரு சிக்கல்: வெள்ளி நைட்ரேட் தண்டில் ஏறாமல் அடியிலேயே தங்கிவிடும். 1978-ல் நெதர்லாந்தில் வீனும் வான் டி கைனும் அதைத் தயோசல்ஃபேட்டோடு சேர்த்தார்கள். கரைசல் விறுவிறுவெனப் பூவரை ஏறியது. கார்னேஷனின் ஆயுள் நீண்டது.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. வெள்ளி கன உலோகம். உண்ணும் பழத்தில் படக்கூடாது. மீந்த கரைசலை எங்கே கொட்டுவது? மலையில் ஊற்றியது எதுவும் கீழே இருப்பவர்களின் தண்ணீரைத் தேடித்தான் ஓடும்.

வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் சிஸ்லர் 1979-லேயே புகையிலை இலையில் எத்திலீன் ஒட்டுவதை அளந்திருந்தார். உலோகமே இல்லாத தடுப்பானைத் தேடி, சில்வியா பிளாங்கன்ஷிப்போடு சேர்ந்து டயசோசைக்ளோபென்டாடையீனைக் கையில் எடுத்தார். செறிவு கூடினால் வெடிக்கும் பண்டம் அது! வெளிச்சம் பட்டதும் ஏற்பியை நிரந்தரமாக அடைத்தது.

ஆனால் அடைத்தது அந்தப் பண்டமல்ல. வெளிச்சத்தில் சிதைந்து அதிலிருந்து பிறந்த வேறெதுவோ. எது? அதைத் தேடிப் போன வழியில் இருவர் கையிலும் சிக்கியது, யாரும் எதிர்பாராத ஒரு குட்டி வாயு. 1996-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தபோது, பூக்கடையைவிடப் பெரிய ஒரு சந்தை அதற்காகக் காத்திருந்தது...

(தொடரும்)